போஸ்ட்டாக் அழைப்பு வந்தால் கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

உயிர்மருத்துவப் பொறியியலில் பி.எச்.டி. முடித்து ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் திறக்கின்றன. வெளிநாட்டுக்கே போஸ்ட்டாக் ஆகப் போகலாம். இங்கிருந்தபடியே வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டாக வேலை செய்யலாம். முதல் வழியில் மோசடிக்காரர்கள் நிற்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதில், நல்லவர்களோடு வேலை செய்துகொண்டே உரிமையைத் தொலைப்பவர்கள் உண்டு.

மோசடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா கியூரி பெல்லோஷிப்புக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. தேர்வானவரைச் சமூகப் பாதுகாப்போடு வேலைக்கு அமர்த்துவதுதான் அங்கே வழக்கம். ‘இடத்தை உறுதிசெய்ய’ பணம் கட்டச் சொல்லும் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். 2022 ஜனவரியிலிருந்து இந்தப் பகுதிக்கு ஆவடியிலேயே காவல் ஆணையரகம் இருப்பதால் புகார் கொடுக்க வேப்பேரியிலுள்ள சென்னை ஆணையரகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இங்கேயே தங்கி வேலை செய்பவர் முதலில் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023-ல் திருத்திய விகிதப்படி ரிசர்ச் அசோசியேட்டுக்கு மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என மூன்று நிலைகள். வீட்டு வாடகைப்படி தனி. மத்திய அரசின் நிதியில் நடக்கும் திட்டத்தில் இதற்குக் குறைவாகக் கொடுத்தால், நிதி ஒதுக்கிய ஆணையின் நகலைக் கேளுங்கள்.

சம்பளத்தைவிடப் பெரிய சிக்கல் காப்புரிமையில் இருக்கிறது. ஆவடி வீட்டில் உட்கார்ந்து நீங்கள் ஒரு சென்சாரை வடிவமைக்கிறீர்கள். கூட்டாளி ஆய்வகம் உங்கள் பெயரையும் சேர்த்து அமெரிக்காவில் விண்ணப்பித்துவிடுகிறது. மரியாதையாகத்தான் தோன்றும். ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, இந்தியாவில் வசிப்பவர் முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் விண்ணப்பிக்கவும் கூடாது, பிறரை விண்ணப்பிக்க வைக்கவும் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இங்குள்ள உரிமையும் பறிபோகலாம். தப்பிக்க வழி எளிது: முதலில் இந்தியாவில் விண்ணப்பித்துவிட்டு ஆறு வாரம் பொறுக்கலாம், இல்லையென்றால் 25-ஆம் எண் படிவத்தில் அனுமதி கேட்கலாம். சாதாரணமாக 21 நாளில் பதில் வர வேண்டும். காப்புரிமை அலுவலகம் பக்கத்திலேயே, கிண்டியில். இவ்வளவு எளிய விஷயத்தைப் பல கைடுகள் மாணவரிடம் சொல்வதே இல்லை என்பதுதான் எரிச்சல்.

நோயாளிகளின் ரத்தமோ இ.சி.ஜி. பதிவோ கடல் கடக்கிறது என்றால் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு சரி என்றால் மட்டும் போதாது. வெளிநாட்டுக் கூட்டாய்வுகளைப் பரிசீலிக்கும் சுகாதார அமைச்சகக் குழுவின் ஒப்புதலும் தேவை. அந்தக் குழுவின் வேலையைக் கவனிப்பது ஐ.சி.எம்.ஆர்.

ஆகவே, இரு நிறுவனங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலைச் சேரும் முன்பே கேளுங்கள். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் பெயர் வரிசையை யார் முடிவு செய்வது, நிதி நடுவில் நின்றால் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று மூன்றையும் தேடுங்கள். ‘ரகசியம்’ என்று மறுத்தால், உங்களைப் பற்றிய பகுதியை மட்டுமாவது மின்னஞ்சலில் கேளுங்கள். அந்தப் பதில் பின்னால் சாட்சியாகும். வெளிநாட்டில் போய்ச் சம்பளம் நின்றுபோனால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியலாம். அங்கேயும் ஒப்பந்த நகல் கையில் இருப்பவரின் புகாருக்குத்தான் வலு அதிகம்.