மழை மிகுந்த தீவில் குடிநீர்த் தட்டுப்பாடு

ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் குடிநீர்த் தட்டுப்பாடு உண்டாகும் என்று கூறினால் பலர் நம்பத் தயங்குவர். சென்னை பெறும் மழையைப்போல் இது இரு மடங்காகும். ஆயினும், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரமும், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப் பெற்றதுமான போர்ட் பிளேயரில், பருவமழை பிந்திய ஆண்டுகளில் சில நாட்களுக்கு ஒரு முறை மட்டுமே குழாய் நீர் வழங்க நேரிட்டிருக்கிறது. இதன் காரணத்தை ஆராய்ந்தால், நகர வளர்ச்சிக்கும் இயற்கை வளங்களுக்கும் உள்ள தொடர்பு நன்கு விளங்கும்.

மழைநீர் எங்கே செல்கிறது?

பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுள் மூழ்கிச் சென்று மீண்டும் தலைகாட்டும் முகடுகளே அந்தமான் தீவுகள். எனவே இங்கு நிலம் குறுகியது, சரிவுகள் செங்குத்தானவை, கடலோ மிக அருகில் உள்ளது. மலையில் விழும் நீர் சிறு ஓடைகளின் வழியே விரைவில் கடலை அடைந்துவிடுகிறது. தென் அந்தமானில் பேராறு எதுவும் இல்லை.

நிலத்தின் அமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. தீவின் பெரும்பகுதியில் மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவற்றுள் நீர் எளிதில் இறங்குவதில்லை. கிழக்குக் கரையை ஒட்டி, பண்டைக் காலத்தில் கடலடியிலிருந்து மேலே தள்ளப்பட்ட பாறைகள் காணப்படுகின்றன. அவற்றின் வெடிப்புகளில் மட்டுமே ஓரளவு நீர் தங்கி ஊற்றாக வெளிப்படுகிறது.

மழையின் பெரும்பகுதி மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளாலும் பெய்துவிடுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். எட்டு மாத மழையை நான்கு மாதத் தேவைக்காக எவ்வாறு நிறுத்தி வைப்பது என்பதே இங்குள்ள வினா.

நகரின் வளர்ச்சி

1858ஆம் ஆண்டில் தண்டனைக் குடியேற்றமாக நிலைபெற்ற ஊர் இது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லாத் தீவுகளிலும் சேர்த்து 30,971 மக்களே இருந்தனர். 2011ஆம் ஆண்டில் இத்தொகை 3,80,581 ஆயிற்று. தலைநகரில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இவர்களுடன் சுற்றுலாப் பயணிகளும் நீரைப் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்கள் பெருந்திரளாக வரும் காலமும் பெரும்பாலும் மழையற்ற மாதங்களே.

நகருக்கு முதன்மையாக நீர் தருவது 1973ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தனிக்காரி அணை. பின்னர் அதன் உயரம் கூட்டப்பட்டது. ஆனால் அணையை உயர்த்துவதால் மட்டும் நீர் பெருகிவிடாது. அதற்கு நீர் தரும் சரிவுகளில் காடு நிலைத்திருக்கவேண்டும். உதிர்ந்த இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பற்றி நின்று, நீர் மெல்ல உள்ளிறங்க வழி செய்கின்றன. காடு அழிந்த சரிவிலிருந்து நீருடன் மண்ணும் சேர்ந்து இறங்கி நீர்த்தேக்கத்தின் அடியில் படிகிறது. அதன் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைகிறது. எஞ்சிய வண்டல் கடலை அடைந்து பவளப் பாறைகளின் மீது படிந்து, அவற்றுக்கு வேண்டிய ஒளியை மறைக்கிறது.

மணலும் நிலமும்

கட்டடங்களுக்கு வேண்டிய மணல் நெடுங்காலம் கடற்கரைகளிலிருந்தே அள்ளப்பட்டது. இத்தீவுகளின் கரைமணலில் பெரும்பகுதி பவளமும் சிப்பியும் தேய்ந்து உண்டானது. அதனை அள்ளும் வேகத்தில் இயற்கை மீண்டும் ஆக்கித் தருவதில்லை. மணல் நீங்கிய கரையை அலைகள் அரிக்கின்றன. ஆமைகள் முட்டையிடும் இடம் அழிகிறது. சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், மணல் எடுப்பை ஆண்டுதோறும் குறைத்து, ஐந்தாண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்காக்கவேண்டும் என்று 2002ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நகரை அடுத்த சிப்பிகாட் பகுதியில் வயல்களுள் கடல்நீர் புகுந்து நிலையாகத் தங்கிவிட்டது. தாழ்வான நிலத்தில் வீடு கட்டுவது எத்துணை அபாயம் என்பதை இது காட்டியது. தாழ்நிலத்தை விட்டு மேட்டை நாடினால் காட்டுச் சரிவுகள் வெட்டப்படுகின்றன. நகர அமைப்பாளர் இவ்விரு இடர்களுக்கும் இடையில் வழி காணவேண்டியிருக்கிறது.

செய்யத்தக்கவை

நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையைத் தெளிவாகக் குறித்து, அதனுள் கட்டடம் எழுப்பாமல் காப்பது முதற்கடமை. சரிவை வெட்டும் இடங்களில் தடுப்புச் சுவரும் புல்வளர்ப்பும் மழைக்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். ஊற்றுகளையும் பழைய குளங்களையும் தூர்த்துவிடாமல் பேணவேண்டும். கரையோரக் கண்டல் காடுகளை அழித்து நிலமாக்குதல் ஆகாது.

வீட்டுக் கூரையில் விழும் நீரும் சிறிதன்று. கீழ்க்காணும் கணக்கை ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு செய்து பார்க்கலாம். 50 சதுர மீட்டர் கூரையில் 3,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் கிடைக்கும் நீர் 1,50,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 1,20,000 லிட்டர் எஞ்சும். ஐவர் வாழும் வீட்டில், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் வீதம், வறண்ட 120 நாட்களுக்கு வேண்டுவது 24,000 லிட்டரே. நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள தொட்டி இதனைக் கொள்ளும். அத்தொட்டி நிறைய 600 மில்லிமீட்டர் மழை போதுமானது. கூரையைக் கழுவி வரும் முதல் மழைநீரை வெளியே விட்டுவிடவேண்டும். கொசு புகாதபடி தொட்டியை மூடி வைக்கவேண்டும். குடிக்கும் நீரைக் காய்ச்சிப் பருகவேண்டும்.

இத்தகைய தொட்டிக்கு இடமும் பொருளும் எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்க்கா. ஆகையால் பள்ளிகள், அலுவலகங்கள், விடுதிகள் ஆகியவற்றின் பெருங்கூரைகளில் இப்பணியை முதலில் தொடங்குவது நலம். அங்கே சேரும் ஒவ்வொரு லிட்டரும் அணைநீரில் ஒரு லிட்டரை ஏழை வீட்டின் குழாய்க்கு மிச்சப்படுத்தும்.

புதிய குடியிருப்பு ஒன்றுக்கு இசைவு தருமுன் அதற்கு இடம் உண்டா என்று பார்ப்பது வழக்கம். ஏப்ரல் மாதக் கடைசியில் அதற்கு நீர் உண்டா என்பதையும் உடன் பார்க்கவேண்டும். தீவு நகரம் எவ்வளவு வளரலாம் என்பதற்கு அதுவே நம்பத்தக்க அளவுகோல்.