தளிரைக் கடிப்பது யார்?

ஐப்பசி மழை நாலு நாள் பிடித்தால் போதும், கோடை முழுக்க வெயிலில் வாடி நின்ற கறிவேப்பிலையும் எலுமிச்சையும் திருவண்ணாமலை வீடுகளில் ஒரே மூச்சில் தளிர்க்கும். தளிர் வந்த கையோடு புழுவும் வந்துவிடும். பதறிப்போய், வயலுக்கு அடிக்கிற மருந்தை வாங்கி வந்து தெளிப்பவர்கள் உண்டு. நாளைக்குக் குழம்பில் கிள்ளிப் போடப்போகும் இலைக்கு அது வேண்டவே வேண்டாம். கடிப்பது யாரென்று முதலில் பாருங்கள்.

தளிரின் மேல் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவையை ஏமாற்றத்தான் அந்த வேடம். வளர்ந்ததும் இலையின் பச்சைக்கே மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரு கொம்பு நீட்டும். காட்டமான வாடை வரும், அவ்வளவுதான். தயங்காமல் கையால் எடுக்கலாம். தொட்டிச்செடியை ஐந்தாறு புழுவே மொட்டையடித்துவிடும்; மரமாக வளர்ந்தது தாங்கும், அதில் இருப்பதை வண்ணத்துப்பூச்சியாகட்டும் என்று விட்டுவிடலாம்.

பூஜைக்கு வைத்த நந்தியாவட்டையிலும் அரளியிலும் வருவது விரல் தடிமனுள்ள பச்சைப்புழு, ஒரு பெரிய அந்துப்பூச்சியின் பிள்ளை. இலையோடு இலையாக இருப்பதால் கண்ணில் படாது. தரையில் உருண்டையாகக் கிடக்கும் புழுக்கைதான் காட்டிக்கொடுக்கும். அதற்கு நேர் மேலே தேடுங்கள்.

கத்தரி இலை பச்சையெல்லாம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சினால் எபிலாக்னா வண்டு. மங்கிய செம்பழுப்பு முதுகில் 28 கறும்புள்ளிகள் இருக்கும். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டும் பார்க்க இப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் முதுகு பளபளக்கும். அதை நசுக்கிவிடாதீர்கள். ரோஜா இலையின் ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் அரைவட்டமாகப் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீ கூடு கட்ட எடுத்துப்போனது. செடிக்கு ஒன்றும் ஆகாது. முருங்கைக் கம்பளிப்பூச்சியில் மட்டும் கை படக்கூடாது. அடிமரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும்போது துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள்.

கைக்கு மீறினால் வேப்பங்கொட்டை இருக்கிறது. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் தின்றபோது வேப்பமரத்தை மட்டும் விட்டுவைத்ததை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். வேம்பைப் பற்றிய நவீன ஆராய்ச்சிக்கு அது பெரிய தூண்டுதல். வேப்பம்பருப்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கிறது, புழுவைச் சரியாகத் தோலுரிக்க விடாமல் செய்கிறது. அடித்த அன்றே புழு செத்து விழாது. மருந்து பிடிக்கவில்லை என்று மறுநாளே இரட்டிப்பாக அடிக்காமல் சில நாள் பொறுத்து, புதிதாகக் கடி விழுகிறதா என்று பாருங்கள்.

ஆனி, ஆடியில் தெருவெல்லாம் வேப்பம்பழம் உதிர்கிறது. பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதம் கழிந்த கொட்டையில்தான் வீரியம் நன்றாக இருக்கும். எட்டு, பத்து மாதம் தாண்டினால் குறைந்துவிடும். ஆகவே ஆடியில் எடுத்தது ஐப்பசிப் புழுவுக்குச் சரியாகத் தயாராகியிருக்கும். போன வருடத்துக் கொட்டையை நம்ப வேண்டாம்.

கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு. இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊறவைத்து, வெள்ளையாகச் சாறு இறங்கும்வரை பிழியுங்கள். இலையில் ஒட்டுவதற்காக ஒன்றிரண்டு கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். வெயில் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும் என்பதால் சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். தெளித்த கறிவேப்பிலை சில நாள் கசக்கும், பறித்தால் கழுவியே பயன்படுத்துங்கள். மிஞ்சிய கரைசலை எடுத்துவைக்காதீர்கள். அன்றன்றைக்குக் கரைத்தால்தான் பலன்.