மார்கழியில் பொரித்த குஞ்சு

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடியில், ஏசியின் வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடுக்கில் புறா குஞ்சு பொரித்திருந்தது. பத்துப் பதினைந்து விளக்குமாற்றுக் குச்சிகள், ஒரு துண்டு ஒயர், யாரோ வீசிய இளநீர் ஸ்ட்ரா ஒன்று. இவ்வளவுதான் கூடு. அதன் நடுவில் மஞ்சள் மயிர் அங்கங்கே ஒட்டிய இரண்டு சதைத் துண்டுகள். கண் திறக்கவில்லை. அலகு மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிதாக இருந்தது. வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஐயே, இதுவா புறா?’ என்றார்.

அன்று விடியற்காலையில் 21 டிகிரி. சென்னையில் 21 டிகிரி என்றாலே கபாலி கோயில் மாட வீதிகளில் மங்கி குல்லாய்கள் முளைத்துவிடும். நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருடத்துக்கு முன்னால். இந்த ஊரில் புறாக்குஞ்சு குளிரில் சாகிறது என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் சாகிறது.

கோழிக்குஞ்சோடு ஒப்பிட்டால் காரணம் புரியும். கோழிக்குஞ்சு முட்டையிலிருந்து வரும்போதே கம்பளி போர்த்திக்கொண்டு வருகிறது. ஈரம் காய்ந்ததும் எழுந்து நடக்கிறது, தாயைத் தேடிப் போய் ஒண்டிக்கொள்கிறது. புறாக்குஞ்சு அப்படியில்லை. எடை சுமார் 15 கிராம், அதாவது இரண்டு பத்து ரூபாய் நாணயம். உடம்புக்குள் சூடு உண்டாக்கிக்கொள்ளும் திறன் முதல் வாரத்தில் அதற்கு அநேகமாக இல்லை. வளர்ந்த புறாவின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது. குஞ்சைச் சுற்றி 36, 37 டிகிரியாவது இருக்க வேண்டும். நமக்கு இதமான 21 டிகிரி, அதற்குப் பதினைந்து டிகிரிப் பள்ளம்.

போதாக்குறைக்கு அதன் அளவு. டம்ளரில் இருக்கும் காபியைவிட டவராவில் ஊற்றிய காபி ஏன் சீக்கிரம் ஆறுகிறது? காற்றுப் படும் பரப்பு கூடிவிடுகிறது. சின்ன உடம்புக்கு, அதன் எடையோடு பார்த்தால், தோல் பரப்பு மிக அதிகம். குஞ்சு ஓயாமல் டவராவில் ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு குஞ்சுகள் ஒட்டிப் படுத்தால் இரண்டின் வெளிப்பரப்பும் குறையும். ஒற்றைக் குஞ்சு பிழைப்பது கடினம் என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

கச்சேரி சாலைப் பக்கம் மொட்டை மாடியில் ஹோமர் என்ற பந்தயப் புறா வளர்க்கும் ஒருவரிடம் போய்க் கேட்டேன். நாற்பது வருடமாக வளர்க்கிறாராம். ‘குளிரு இன்னா சார் பண்ணும்? ஈரம்தான் சார் காலி பண்ணும்’ என்றார். இயற்பியல் அவர் கட்சி. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காய்ந்த குச்சிகளுக்கு நடுவில் அடைபட்ட காற்று ஒரு போர்வை. அதே குச்சிகள் நனைந்துவிட்டால் குஞ்சின் வயிற்றுச் சூட்டை உறிஞ்சும் ஸ்பாஞ்ச். அதன் மேல் காற்றும் அடித்தால் ஈரம் ஆவியாகும்போது மிச்சச் சூட்டையும் வாரிக்கொண்டு போய்விடும்.

நம் ஊர்க் குளிர்காலமோ ஈரக்குளிர்காலம். ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் உறைபனி இங்கே கிடையாது. இங்கே இருப்பது வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் 1 வெள்ளமும், 2016 டிசம்பர் 12 வர்தா புயலும், 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயலும் புறாக்கள் குஞ்சு வைத்திருக்கும் நாட்களில்தான் வந்தன. புறாவுக்கு இனப்பெருக்கப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லை. தீனியும் ஒதுங்க இடமும் இருந்தால் வருடம் முழுக்க முட்டையிடும். கச்சேரி சாலைக்காரரின் கூண்டுகளுக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. தெற்கும் மேற்கும் திறப்பு. காலை வெயில் போய்விடுமே என்றதற்கு, தையில் அவிழ்த்துவிடுவேன் என்றார். முற்றிலும் மூடினால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடி குஞ்சின் மூச்சைக் கெடுக்கும். சாரலை மட்டும்தான் தடுக்க வேண்டும், காற்றோட்டத்தை விட்டுவிட வேண்டும்.

வாடைக்காற்றில் புறா படும் பாடு தமிழுக்குப் புதிதும் இல்லை. நக்கீரரின் நெடுநல்வாடையில், அடைமழை நாளில் வீட்டுப் புறா இரை தேடப் போகாமல், பகலா இரவா என்று தெரியாமல், மாடத்திலேயே இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. பறவை பார்ப்பவர்கள் குறிப்பெடுத்தது போல இருக்கும். பகலில் வானம் இருண்டால் புறா இப்படித்தான் முடங்குகிறது.

மற்ற பறவைகளுக்கு இப்படி மூன்று நாள் முடங்கினால் குஞ்சு பட்டினி. புறாவிடம் அதற்கு ஒரு மாற்று இருக்கிறது: புறாப்பால். குஞ்சு பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே தாய்க்கும் தந்தைக்கும் தீனிப்பையின் உட்சுவர் தடித்து, கொழுப்பு நிறைந்த செல்கள் அடுக்கடுக்காக உதிர ஆரம்பிக்கும். பார்க்கப் பன்னீர்த் துருவல் மாதிரி இருக்கும். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் புரதம், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, நோய் எதிர்ப்புப் பொருள்கள் வேறு. முதல் நான்கு நாள் குஞ்சுக்கு இதுதான் சாப்பாடு. இரண்டு நாளில் எடை இரண்டு மடங்காகிறது. ஆணும் பால் கொடுக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. பறவைகளில் பூநாரையும் பேரரசப் பென்குயினின் ஆணும்தான் இந்த வரிசையில் வருகின்றன.

இதற்குப் பின்னால் இருக்கும் ஹார்மோன் புரோலாக்டின். மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் அதுவே. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் ஆஸ்கார் ரிடிலும் அவரது சகாக்களும் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தபோது, சோதித்துப் பார்க்கக் கையில் எடுத்தது புறாவின் தீனிப்பையைத்தான். ஒரு மருந்தில் எவ்வளவு புரோலாக்டின் இருக்கிறது என்பதைப் புறாவின் தீனிப்பை எவ்வளவு தடிக்கிறது என்று பார்த்துத்தான் பல வருடம் அளந்தார்கள்.

இந்தப் ‘பால்’ என்ற சொல்தான் வம்பு. எங்கள் பாட்டி இங்க் ஃபில்லரில் வெதுவெதுப்பாகப் பசும்பால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். புறாப்பாலில் லாக்டோஸ் சர்க்கரையே கிடையாது. அதைச் செரிக்கும் நொதியும் பறவைக்கு இல்லை. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு, அதனால் கூடு ஈரம், அதனால் குளிர். போதாததற்கு, புறாக்குஞ்சு மற்றக் குஞ்சுகளைப் போல வாயைப் பிளந்து காத்திருக்காது; பெற்றோரின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சும். நாம் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். பாட்டிக்கு வருத்தம்தான். பால் காபிக்குப் போனது.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் உண்மையில் கவலைப்பட ஒன்றுமில்லை. காலை பத்து மணி வாக்கில் ஆண் வந்து உட்காரும். மாலையில் பெண் வந்து மாற்றிவிடும். இரவு முழுக்கப் பெண்ணின் பொறுப்பு. ஆபத்து வருவது ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில். பந்தயப் புறாவுக்குக் காலில் வருடம் பொறித்த மூடு வளையம் போடுவது ஏழாம் நாளை ஒட்டி. அதற்கு மேல் பாதம் பெரிதாகி வளையம் ஏறாது. கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் பெற்றோர் குஞ்சை விட்டு இறங்கத் தொடங்குகின்றன. குஞ்சுக்கு இறகு இன்னும் முள்முள்ளாகத்தான் இருக்கும், விரிந்திருக்காது. தாயோ அடுத்த ஈட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். குஞ்சு இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போதே மறுபடி முட்டையிட்டுவிடும். பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பந்தயக்காரர்கள் வேண்டுமென்றே நடுக்குளிரில் ஜோடி சேர்ப்பார்கள். வளையத்தில் வருடம்தானே இருக்கிறது; ஒரே வருடக் குஞ்சுகளில், ஜனவரியில் பொரித்தது ஜூனில் பொரித்ததைவிட வலுவாக இருக்கும். அங்கே எட்டு மணி நேரப் பகலை விளக்குப் போட்டு நீட்டினால்தான் புறா இரை தின்று குஞ்சுக்கு ஊட்ட நேரம் கிடைக்கும். நமக்கு மார்கழியிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. அந்தச் செலவு மிச்சம்.

எங்கள் வீட்டுக் குஞ்சுகளுக்கு எட்டாவது இரவில் மழை வந்தது. கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்த சாரல். விடிந்ததும் பார்த்தேன். பெரியது குச்சிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சின்னது மூலையில், ஈரத் தகரத்தின் மேல், கழுத்து தொங்கிப்போய்க் கிடந்தது. இரண்டாவது முட்டையில் வந்த குஞ்சு அது. முதல் முட்டைக்கும் இரண்டாவதற்கும் ஏறக்குறைய இரண்டு நாள் இடைவெளி. குஞ்சுகளின் வயதும் சற்று முன்பின் ஆகி, சின்னது எப்போதும் ஓரத்துக்குத் தள்ளப்படும். வளர்ப்பவர்கள் முதல் முட்டையை எடுத்துவிட்டு டம்மி முட்டை வைத்து, இரண்டாவது வந்ததும் திருப்பி வைப்பார்கள்; இரண்டும் ஒரே சமயத்தில் பொரியும். ஏசி இடுக்கில் யார் வைப்பது?

சின்னதைத் தொட்டால் பல்லி மாதிரிச் சில்லென்று இருந்தது. தீனிப்பையில் நேற்றைய தானியம் அப்படியே கல்லாக நின்றது. இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறோம். சோர்ந்திருக்கிறதே என்று உடனே ஊட்டுகிறோம். உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும்; ஊட்டியது தீனிப்பையிலேயே புளிக்கும். முதலில் சூடு, பிறகுதான் சோறு. காய்ந்த துணியால் ஒற்றி, இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் கால் அசைந்தது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஷூ டப்பாவின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன், மறுபாதி காலி. குண்டு பல்பு போடுகிறவர்களும் இதையே செய்ய வேண்டும். விலகிப் போக இடம் இல்லாவிட்டால், குளிரில் தப்பிய குஞ்சு சூட்டில் வற்றிச் சாகும்.

பத்து மணிக்குள் கூட்டில் திருப்பி வைத்தாயிற்று. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. ஆண் வந்து ஊட்டிவிட்டே போனது. தகரத்தின் மேல் ஒரு மண் சட்டியில் தென்னை நாரைப் பரப்பி, பழைய கூட்டை அப்படியே அதன் மேல் எடுத்து வைத்தேன். வழுக்கும் தளத்தில் வளரும் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். நாரில் பிடிமானம் கிடைக்கும். கிழக்கே ஒரு துண்டு ஃப்ளெக்ஸ். அதில் ஏதோ காதணி விழாவின் பாதி வாழ்த்து இருந்தது.

புறா எச்சத்தை எனக்கும் பிடிக்காது. காய்ந்த எச்சத் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் நோய் வரக்கூடும் என்பதில் சந்தேகமே இல்லை. 2025இல் மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூடியது வரை அந்த விவகாரம் போயிருக்கிறது. சுத்தம் செய்யும்போது மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்துத்தான் துடைக்க வேண்டும். பால்கனிக்கு வலை கட்டுவதில் தவறில்லை.

ஆனால் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் மார்கழியில் அதிகமான குஞ்சுகளைக் கொல்வது அந்த வலையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். குஞ்சு உள்ளே, பெற்றோர் வெளியே. ஒரு வாரக் குஞ்சு பெரும்பாலும் அந்த இரவைத் தாண்டாது. ஆகவே வலைக்காரரைக் கூப்பிடும் முன் ஏசிப் பெட்டிக்குப் பின்னால் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். குஞ்சு இருந்தால், பொரித்த நாளிலிருந்து 35 நாள் பொறுங்கள். நடுவில் புது முட்டை விழுந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு முடியாது. ஏற்கெனவே வலை ஏறிவிட்டது, உள்ளே குஞ்சு கத்துகிறது என்றால், ஓர் ஓரத்தை அவிழ்த்துவிட்டாலே போதும், தாய் வந்துவிடும். வராவிட்டால் காய்ந்த துணியில் சுற்றி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேளச்சேரி ப்ளூ கிராஸுக்கோ கொண்டு போங்கள். வழியில் பால் ஊற்றாதீர்கள்.