பழைய வண்டியும் பந்தயக் களமும்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைந்த இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை, பின்னாளில் பந்தயக் களமாயிற்று. 1953இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் போட்டிகளை நடத்தியது. ஆர்வலர்கள் அன்றாடச் சாலைகளில் ஓடிய ஃபியட், ஹெரால்டு போன்ற கார்களையே பிரித்துச் செப்பனிட்டுக் களமிறக்கினர்.

இத்தகைய மறுசீரமைப்பில் முதற்பணி எடைக்குறைப்பாகும். பின்னிருக்கை, விரிப்பு முதலியன நீக்கப்பெற்றால், அதே எஞ்சின் வண்டியை விரைந்து முடுக்கும். அடுத்தது பாதுகாப்பு. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவும் ஏறத்தாழ அவ்வாறே பெருகும். ஆகவே பிரேக்கைச் சீராக்கி, ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூண்டு அமைத்த பின்னரே எஞ்சினில் கைவைத்தல் வேண்டும்.

எஞ்சினின் மேல்மூடியைச் சிறிதளவு சீவினால் எரியறை சுருங்கும். பெட்ரோல் கலவை மிகுதியாக அழுத்தப்பட்டு ஆற்றல் கூடும். அளவு மீறினாலோ, கலவை முறைதவறி வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும்.

எளிய வண்டியின் உறுப்புகளே பெருங்களத்திற்கும் வழிவகுத்தன. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தய வண்டியை உருவாக்கினார். அவ்வகை வண்டியில் பயின்ற நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.