மேடைக்கு முன் மனு

மின்சார விசிறி வருவதற்கு முற்பட்ட காலத்தில், கல்கத்தா நகரத்துத் துரைமார்களின் மாளிகைகளிலும் கச்சேரிகளிலும், உத்தரத்திலிருந்து தொங்கும் நீண்ட சட்டத்தில் துணியைப் பிணைத்து, அதிலிருந்து புறப்படும் கயிற்றைச் சுவரின் துவாரத்தின் வழியே வெளியே செலுத்தி, தாழ்வாரத்தில் உட்கார்ந்த ஓர் ஆள் அதை ஓயாமல் இழுத்து இழுத்து விடுவதனாலேயே உள்ளிருப்போருக்குக் காற்றுக் கிடைத்துவந்தது. அவன் கண் அயர்ந்தால் உள்ளே வியர்த்துக் கொட்டும். இந்த வேலையை யந்திரத்தினிடம் ஒப்படைக்கலாம் என்று எண்ணிய ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்னும் எஞ்சினீயர், கிராண்ட் சந்து 7-ஆம் எண் முகவரியிலிருந்து, 1856 மார்ச் 3-ஆம் தேதி சர்க்காருக்கு மனுச் செய்துகொண்டார். செப்டம்பர் 2-ஆம் தேதி, யந்திரம் வேலை செய்யும் விதத்தைப் படங்களுடன் விவரித்து எழுதியும் கொடுத்தார். பேச்சில் பேடண்ட் என்று வழங்கும் காப்புரிமைக்காக இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மனு இதுவே.

இம்மனுவுக்கு இடமளித்த 1856-ஆம் ஆண்டுச் சட்டம், புதியன கண்டுபிடிப்போருக்கு 14 வருஷ காலம் பிரத்தியேக உரிமை அளித்தது. ஆனால் இங்கிலாந்து அரசியாரின் முன்அனுமதி பெறாமல் அதை இயற்றிவிட்டார்கள் என்ற காரணத்தால், 1857-ல் ரத்துச் செய்து, 1859-ல் மறுபடியும் இயற்ற நேர்ந்தது. பிறருக்கு உரிமை வழங்கப் புறப்பட்ட சட்டம் தனக்கு வேண்டிய அனுமதியை வாங்க மறந்தது வேடிக்கைதான். பின்னர் வந்த பல சட்டங்களையும் கடந்து இன்று நடப்பிலிருப்பது, 1970-ல் நிறைவேறி, 1972-ல் அமலுக்கு வந்து, பலமுறை திருத்தம் பெற்ற சட்டம். காப்புரிமை அலுவலகத்தின் தலைமையிடம் இன்றும் கல்கத்தாவே. சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில் பௌத்திக் சம்பதா பவன் என்ற கட்டடத்தில் அது இயங்குகிறது. டிபென்னிங்கின் பெயரைத் தாங்கிய காப்புரிமை நிறுவனமோ பிற்காலத்தில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, அங்கே தொழில் நடத்திவருகிறது.

சர்க்கார் எதற்காகத் தனி மனிதர் ஒருவருக்கு இத்தகைய ஏகபோகத்தைத் தர வேண்டும் என்று கேட்பது நியாயமே. இது தானமன்று, பண்டமாற்று. கண்டுபிடித்தவர் தாம் அறிந்ததை, அத்தொழிலில் பழகிய வேறொருவர் படித்த மாத்திரத்தில் செய்துகொள்ளும்படி, ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிரதியாக, மனுச் செய்த நாளிலிருந்து 20 வருஷம் அவர் அனுமதியின்றி வேறெவரும் அப்பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று சட்டம் காவல் நிற்கும். ஆகவே, மனத்தில் உதித்த வெறும் எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. எண்ணம் ஒரு பொருளாகவோ செய்முறையாகவோ உருப்பெற்றிருக்க வேண்டும். அது உலகுக்கே புதிதாகவும், துறை அறிந்தவர்களுக்கு எளிதில் தோன்றாததாகவும், தொழிலில் பயன்படத்தக்கதாகவும் இருத்தல் அவசியம். இயற்கை நியதிக்கு முரணான நித்திய இயக்க யந்திரங்களும், விவசாய முறைகளும், வெறும் கணினி நிரல்களும், பாட்டி வைத்தியம் போன்ற பரம்பரை அறிவும் தள்ளுபடி.

புதிதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையில்தான் பலர் இடறுகிறார்கள். ஏனெனில் பிறர் முன்பே சொன்னது மட்டுமல்ல, தாமே முன்பு சொல்லிவிட்டதும் பழையதாகவே எண்ணப்படும். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியின் ஆசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸின் சரித்திரம் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. மின்னலைகளை உணரும் இரும்பு-பாதரசக் கருவி ஒன்றை அவர் 1899-ல் லண்டன் ராயல் சொஸைட்டியில் விவரித்துப் பிரசுரித்தார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்துவந்த கம்பியில்லாத் தந்திச் சைகையை மார்க்கோனி பெற்றபோது பயன்பட்டது அவ்வகைப் பாதரசக் கருவியே என்றும், அதன் மூலம் போஸின் கட்டுரையே என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் வாதித்திருக்கின்றனர். அதே 1901-ஆம் ஆண்டு மே மாதத்தில், போஸ் லண்டனில் பிரசங்கம் செய்வதற்குச் சற்று முன்பாக, தந்திக் கம்பெனி முதலாளியான ஒரு கோடீசுவரர் அவசரமாக வந்து, முக்கியமான விஷயங்களை மேடையில் வெளியிட வேண்டாம், காப்புரிமைச் செலவை நான் ஏற்கிறேன், லாபத்தில் பங்கு தருகிறேன் என்று மன்றாடியதாக அவர் தம் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் எழுதினார். அவர் இணங்கவில்லை.

எனினும், விவேகானந்தரின் சிஷ்யைகளான நிவேதிதையும், அமெரிக்கரான ஸாரா புல் அம்மையாரும் விடாமல் வற்புறுத்தியதன் பேரில், கலீனா என்னும் ஈயத்தாதுவின் தொடுமுனையால் மின்னலைகளை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் மனுச் செய்யப்பட்டு, 1904 மார்ச் 29-ஆம் தேதி 755,840 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. அதில் பாதி ஸாரா அம்மையாருக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. குறைகடத்திச் சாதனம் ஒன்றுக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமை இதுவே என்று பலர் கருதுகின்றனர். போஸோ அதனால் ஒரு காசும் தேடாமல் காலாவதியாக விட்டார். 1917-ல் தாம் நிறுவிய ஆராய்ச்சி மந்திரத்திலும் காப்புரிமை எடுப்பதில்லை என்றே விதித்தார். இவரை உலகம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடலாகாது. ஐரோப்பியருக்குக் கொடுத்த சம்பளத்தைத் தமக்குக் கொடுக்கவில்லை என்பதற்காக மூன்று வருஷம் சம்பளத்தையே தொடாமல் போராடி வென்றவர் அவர். தமக்குரிய நியாயம் எது என்பதை அறிந்தவர். அறிவை விற்பதற்குத்தான் அவர் மனம் ஒப்பவில்லை. இவ்வளவுக்கும், காப்புரிமை அலுவலகம் சால்ட் லேக்குக்குப் போவதற்கு முன் இருந்துவந்தது அவர் பெயர் சூட்டிய சாலையில்!

போஸின் துறவு போற்றத்தக்கதே; ஆனால் கங்கைக்கு அக்கரையில், ஹௌராவின் பெலிலியஸ் ரோடுக் கடைசல் பட்டறையில், புதிய பிடிகருவி ஒன்றை உருவாக்கிய தொழிலாளியிடம் அதை எதிர்பார்ப்பது தர்மமாகாது என்பது என் அபிப்பிராயம். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். முதலில் அலுவலகத்தில் சொல்லட்டும். பண்டிதர் சபையில் வாசித்த கட்டுரைக்கும், சர்க்கார் அறிவித்த கண்காட்சியில் வைத்த பொருளுக்கும் நம் சட்டம் 12 மாதம் சலுகை தருகிறது என்றாலும், பல தேசங்களில் அச்சலுகை கிடையாது. நண்பருக்குக் காட்டிய வீடியோவையும் கடைக்காரருக்கு அனுப்பிய மாதிரியையும் அது காப்பாற்றாது.

வேலை முழுதும் முடியவில்லையே என்று அவர் தயங்க வேண்டியதில்லை. கருவியின் சாரத்தை எழுதித் தற்காலிக விவரணமாகத் தாக்கல் செய்தால் அன்றைய தேதி அவருக்கு உரித்தாகும். முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அதன் கடைசியில் வரும் உரிமைக் கோரிக்கைகளே ஜீவநாடி. வேலைப் பொருளைப் பிடிக்கும் எந்தச் சாதனமும் எனது என்று அவர் எழுதினால், அது பழைய பட்டறைப் பிடிகளையெல்லாம் உள்ளடக்குவதால் நிராகரிக்கப்படும். இன்ன அளவுள்ள இரும்புச் சுருள்வில்லால் இறுக்கும் பிடி என்று எழுதினாலோ, பக்கத்துப் பட்டறைக்காரர் வில்லை எடுத்துவிட்டு நெம்புகோலை வைத்துத் தப்பிவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவே சொற்களை நிறுத்துவது தேர்ந்த கைக்கே வரும் வித்தை. அதற்கென்று பரீட்சை எழுதித் தேறிய காப்புரிமை முகவர்கள் இருக்கிறார்கள்.

மனு சாதாரணமாக 18 மாதம் கழித்துப் பகிரங்கமாகும். ஆனால் பரிசோதனை தானாக நடைபெறாது. அதைத் தனியே கோர வேண்டும். இப்போதைய விதிப்படி 31 மாதத்துக்குள் கோராவிடில், மனுவைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். பரிசோதகர் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உரிமை வழங்குமுன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம். இணையவழி மனுவுக்குத் தனிநபர் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு ஐந்து மடங்கு. வங்காளத்தாருக்குக் கல்கத்தா அலுவலகம் என்றால், தமிழ்நாட்டாருக்குக் கிண்டியிலுள்ள சென்னை அலுவலகம். உரிமை கிடைத்த பின்னும், மூன்றாம் வருஷம் முதல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் செலுத்தி வர வேண்டும். மறதியால் தவறவிட்டவர், உரிமை அற்றுப்போன நாளிலிருந்து 18 மாதத்துக்குள் தக்க காரணம் காட்டி மனுச் செய்தால், அதை மீட்டுக்கொள்ள வழியுண்டு.