தாத்தா வாங்கிய நிலத்தை மேம்பாட்டாளர் கேட்கிறாரா? கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளான்: "நம்ம நிலத்தை ஒரு டெவலப்பர் கேட்கிறார், கொடுத்துடலாமா?" காப்பார், மேரு, ஜாலான் கெபுன், ஜொகான் செத்தியா வட்டாரங்களில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரை எல்ஆர்டி 3 பாதை போடப்பட்ட பிறகு தரகர்களின் அழைப்பும் கூடிவிட்டது.

பெரும்பாலும் அழைப்பு முதலில் வருவது நிலத்தில் குடியிருக்கும் ஒருவருக்குத்தான். அவர் அண்ணனிடம் சொல்வார். அண்ணன் சித்தப்பாவிடம் சொல்வார். கல்யாணமாகிப் போன அக்காவுக்கும் அத்தைக்கும் கடைசியில்தான் தெரியவரும். குடும்பத்தில் விரிசல் விழுவதும் அங்கேதான். விலை குறைந்ததைவிட, யார் பெயரில் நிலம் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்பது தெளிவில்லாமல் போனதே பல சண்டைகளுக்குக் காரணம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலம் கைமாறி வீடாவது புதிதல்ல. பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இரு தோட்ட முதலாளிகளின் பெயரிலிருந்து வந்தது. பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். அந்த நிலமெல்லாம் கம்பெனிகளுடையது. பால் மரம் வெட்டிய நம்மவர்களுக்கு அதில் பங்கில்லை.

1950, 60-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தனர். அதற்கு மாற்றாகத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியாகச் சேமித்து ஒரு துண்டு நிலம் வாங்கிய குடும்பங்களும் உண்டு. இன்று விலை பேசப்படுவது அந்தச் சின்னத் துண்டுகளுக்குத்தான். ஒரு தலைமுறை வயிற்றைக் கட்டி வாங்கியதை விற்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால், விவரம் தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கிராண்டைப் பாருங்கள்

நிலப் பத்திரத்தை, நம் பேச்சில் கிராண்டை, எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது? நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம்? நில வகை விவசாயமா, கட்டடமா? மலாய் ஒதுக்கீட்டு நிலம் போன்ற கட்டுப்பாடு ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா?

கையில் இருக்கும் பழைய பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி நிலத் தேடல் செய்தால் இன்றைய நிலவரம் தெரியும். வங்கி அடமானம், யாராவது போட்ட கேவியட் எல்லாம் அதில் வந்துவிடும்.

இன்னொன்று, நில வரி. இறந்துபோனவர் பெயரில், பழைய தோட்ட முகவரியில் நிலம் இருந்தால் வரி நோட்டீஸ் யார் கைக்கும் வராமல் போகலாம். வரி கட்டாத நிலத்துக்கு நில அலுவலகம் 6ஏ பாரம் அனுப்பும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் நிலத்தையே மாநில அரசு எடுத்துக்கொள்ள 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் இடம் தருகிறது.

"ஐம்பது வருஷமா இங்கேதான் இருக்கோம்" என்பதும் உரிமை ஆகாது. அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் பட்டா கிடைக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. பினாங்கு கம்போங் புவா பாலா மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். ஆனாலும் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் வழக்கு தோற்று, 2009-இல் அந்தக் கிராமம் இடிக்கப்பட்டது.

தாத்தா பெயரிலேயே இருந்தால்?

இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. எனவே முதலில் வாரிசுப் பங்கீடு நடக்க வேண்டும். உயில் இருந்தால் உயர்நீதிமன்றத்தில் புரோபேட் எடுக்க வேண்டும். உயில் இல்லாமல், நிலம் உட்பட மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால், 1955-ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி நில நிர்வாகத்தின் பங்கீட்டுப் பிரிவிலேயே விண்ணப்பிக்கலாம். முன்பு 20 லட்சமாக இருந்த இந்த வரம்பு, 2024 ஜூலை 15 முதல் 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் உயர்நீதிமன்றம்தான்.

முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் பங்கை முடிவு செய்வது 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் உயிரோடு இருந்தால் துணைக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இந்த விகிதம் 1997-இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் இறந்தவர் என்றால் பழைய விதிதான் பொருந்தும் என்பதால் இறந்த தேதி முக்கியம்.

இதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு" என்பதெல்லாம் வீட்டுக் கணக்கு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. மகள் விரும்பினால் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். விற்பனை விலையைச் சொல்லாமல் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்குவது பின்னால் நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. இரண்டு ஏக்கர் 87,120 சதுர அடி. சதுர அடி 30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 26 லட்சத்து 13 ஆயிரத்து 600 வெள்ளி. பாட்டி இருக்கிறார், நான்கு பிள்ளைகள் என்றால் பாட்டிக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்து 200 வெள்ளி. பிள்ளைகள் ஆளுக்கு 4 லட்சத்து 35 ஆயிரத்து 600 வெள்ளி. பாட்டியின் பங்கு பாட்டியின் பணம். அவர் எங்கே தங்குவார், யார் பார்த்துக்கொள்வார் என்பதைப் பணம் கைக்கு வரும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

பிள்ளைகளில் ஒருவர் இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். காலம் தள்ளத் தள்ள கையெழுத்துகள் பெருகும். கோலாலம்பூர் கம்போங் பாரு இதற்குப் பெரிய சான்று. 1900-இல் மலாய் விவசாயக் குடியிருப்பாக உருவான அந்த நிலத்துக்கு 2019 செப்டம்பரில் அரசாங்கம் சதுர அடிக்கு 1,000 வெள்ளி தருவதாகச் சொன்னது. 850 வெள்ளி ரொக்கம், மீதி 150 வெள்ளி பங்காக. அந்த விலைக்கும் நிலம் மொத்தமாகக் கைமாறவில்லை. ஒரே மனைக்குப் பல வாரிசுகள், பெயர் மாற்றாமலே கிடந்த பத்திரங்கள் ஆகியவை முக்கியத் தடைகளாக இருந்தன.

இன்னொரு விதியும் பலருக்குத் தெரியாது. உயில் இல்லாத சொத்துக்கு உயர்நீதிமன்றம் நிர்வாகியாக நியமித்தவர், நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்க முடியாது. "நான்தான் நிர்வாகி, நான் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் அனுமதி உத்தரவைக் கேளுங்கள்.

ஒருவர் மட்டும் விற்றுவிட்டால்?

பெயர் மாற்றி எல்லாரும் கூட்டு உரிமையாளர் ஆன பிறகு, ஒருவர் தன் பிரிபடாத பங்கை மட்டும் தனியாக விற்கலாம். மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை. அந்தப் பங்கை வாங்கும் கம்பெனி உங்கள் நிலத்தில் கூட்டு உரிமையாளர் ஆகிவிடும். கூட்டு உரிமையை முடித்துவைக்கும்படி நீதிமன்றத்தையும் நாடலாம். ஆகவே விற்க விரும்பும் தம்பியைத் திட்டி ஒதுக்குவதைவிட, அவர் பங்கைக் குடும்பத்துக்குள்ளேயே வாங்க முடியுமா என்று பார்ப்பது நல்லது.

விலையை யார் சொல்வது?

தரகர் சொல்வது விலை அல்ல, பேரத்தின் தொடக்கம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை நீங்களே அமர்த்தி அறிக்கை வாங்குங்கள். சில ஆயிரம் வெள்ளி செலவாகலாம். ஆனால் சதுர அடிக்கு ஒரு வெள்ளி வித்தியாசம் வந்தாலே இரண்டு ஏக்கரில் 87 ஆயிரம் வெள்ளி.

விவசாய நிலத்தில் வீடு கட்ட வகை மாற்றம், அதற்கான பிரிமியம், ஊராட்சியின் திட்ட அனுமதி எல்லாம் வேண்டும். இந்தச் செலவை மேம்பாட்டாளர் ஏற்பதால் விவசாய நிலத்துக்கு விலை குறைத்துக் கேட்பார். அது நியாயம்தான். ஆனால் பக்கத்து நிலத்துக்கு ஏற்கனவே வகை மாற்றம் கிடைத்திருந்தால், பேரத்தில் அது உங்கள் பக்க பலம்.

ஒப்பந்தத்தில் எங்கே கவனம் வேண்டும்?

உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வையுங்கள். மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் அவருக்காகத்தான் பேசுவார்.

பொதுவாக 10 விழுக்காடு முன்பணம், மீதி மூன்று மாதத்தில் என்பது வழக்கம். மேம்பாட்டாளர்களோ, "அனுமதி கிடைத்த பிறகுதான் மீதி" என்று நிபந்தனை போடுவதுண்டு. அப்படியானால் கெடு தேதி இருக்க வேண்டும். கெடு தாண்டினால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் யாருக்கு என்பதும் எழுதப்பட வேண்டும். முன்பணம் கொடுத்தவர் நிலத்தின் மீது தனியார் கேவியட் போடுவார். அது ஆறு ஆண்டு வரை நிற்கக்கூடியது. அதுவரை வேறு யாருக்கும் நீங்கள் விற்க முடியாது.

பணம் முழுவதும் வழக்கறிஞர் கைக்கு வராமல் 14ஏ பெயர் மாற்றப் பாரத்தையும் மூலப் பத்திரத்தையும் எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்க வேண்டாம். பழைய குடும்ப நிலங்களில் போலிக் கையெழுத்து மோசடியும் நடந்திருக்கிறது. பினாங்கு தஞ்சோங் பூங்கா நிலம் ஒன்றில் போலிப் பத்திரத்தால் ஏமாந்த உரிமையாளருக்கு எதிராகவே 2000-ஆம் ஆண்டு இறுதியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்ட விளக்கம் தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2010 வரை ஆயிற்று.

பணத்துக்குப் பதில் வீடு என்றால்?

"நிலத்தைக் கொடுங்கள், கட்டி முடித்ததும் ஐந்து வீடு தருகிறோம்" என்ற கூட்டு முயற்சித் திட்டங்கள் கவர்ச்சியானவை. ஆபத்தும் இதில்தான் அதிகம். இவற்றில் நிலக்காரரிடம் பகர அதிகாரப் பத்திரம் கேட்பார்கள். அதை வைத்து நிலத்தை வங்கியில் அடகு வைக்க முடியுமானால், மேம்பாட்டாளர் கடனைக் கட்டாதபோது ஏலத்துக்கு வருவது உங்கள் நிலம். திட்டம் பாதியில் நின்றால் வீடும் இல்லை, நிலமும் இல்லை.

1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் வீடு வாங்குபவரைக் காக்க வந்தது. நிலம் கொடுத்தவருக்கும் அதே பாதுகாப்பு தானாக வரும் என்று எண்ண வேண்டாம். அடகு வைக்கத் தடை அல்லது வரம்பு, குறைந்தபட்ச ரொக்கம், வங்கி உத்தரவாதம் ஆகியவை இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

வரி

நிலச் சொத்து ஆதாய வரியில், மலேசியக் குடிமகன் வாங்கி ஆறாம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ விற்றால் 2022 முதல் வரி விகிதம் சுழியம். முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. வாரிசாக வந்த நிலத்துக்கு எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரி இல்லாவிட்டாலும் வருமான வரி வாரியத்துக்குப் பாரம் அனுப்பியாக வேண்டும்.

நிலத்து மூலையில் சாமி இருந்தால்

பல குடும்ப நிலங்களில் ஒரு முனியாண்டியோ காளியோ இருக்கும். விற்ற பிறகு அந்த இடம் வாங்கியவருடையது. கோயில் எங்கே மாறும், செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சீஃபீல்டு கோயில் விவகாரம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் இழுபட்டு, 2018 நவம்பரில் கலவரமாகி, ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் பறித்ததை நாம் மறக்கக்கூடாது.

இத்தனையும் தெரிந்த பிறகு விற்றாலும் தவறில்லை. வைத்துக்கொண்டாலும் தவறில்லை. அடுத்த முறை குடும்பம் கூடும்போது கிராண்டின் நகலையும் நிலத் தேடல் சீட்டையும் மேசையில் வையுங்கள். கல்யாணமாகிப் போன அக்காவையும் அத்தையையும் மறக்காமல் கூப்பிடுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.