அட்வான்ஸ் கற்றுத் தந்த பாடம்

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் போன வாரம், "அக்கா, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் குடுத்தோம். ரசீது ஒண்ணும் தரல" என்றாள். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் பட்டது அப்படி!

2010-ல் கல்யாணமாகி நான் சென்னை மடிப்பாக்கம் வந்தபோது, இரண்டு ரூம், கிச்சன் உள்ள போர்ஷனுக்கு வாடகை 4,500 ரூபாய். அப்போது இது பஞ்சாயத்து. 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். தனி வீடுகளை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலு பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். ஆளுக்கு ஐயாயிரம் போட்டால் இருபதாயிரம். ஒரே சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் அவர்களோடு போட்டி போட முடியுமா? இப்போது மெட்ரோ தூணைக் காட்டியும் வாடகையை ஏற்றுகிறார்கள். எங்களோடு இருந்த குடும்பங்கள் மேடவாக்கம், மாம்பாக்கம் என்று தள்ளிப் போய்விட்டன. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் மட்டும் இங்கேயே சுற்றுகிறோம். இதுவரை ஐந்து வீடு மாறியாச்சு.

இதற்கு முன்னால் இருந்த வீட்டில் வாடகை 12,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். அக்ரிமென்ட்டில் எழுதியது 60 ஆயிரம்தான். மீதி 40 ஆயிரத்தை ரொக்கமாகக் கேட்டார் வீட்டுக்காரர். நல்ல மனுஷர்தானே என்று கொடுத்துவிட்டோம்.

சென்ற ஆண்டு, "பொண்ணு வர்றா, காலி பண்ணுங்க" என்றார். ஆடி பிறப்பதற்குள் மாறிவிட்டோம். மறுவாரமே வாசலில் டு-லெட் போர்டு தொங்கியது, வாடகை 18,000! அட்வான்ஸைக் கேட்டால், "அடுத்த ஆள் வரட்டும்மா" என்றார். புது வீட்டு அட்வான்ஸுக்காக என் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. இரண்டு மாதம் நடந்த பிறகு, "பத்திரத்துல 60 ஆயிரம்தானே இருக்கு?" என்று கேட்டாரே பார்க்கலாம்! என் கணவருக்குப் பேச்சே வரவில்லை.

நான் வீட்டுக் கணக்கு நோட்டைக் கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டினேன். தேதியோடு எழுதியிருந்தேன். அவர் அசையவில்லை. உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மாதான் வந்தார். "அன்னிக்கு நோட்டை எண்ணி பீரோவுல வெச்சதே நான். பொய் சொல்லாதீங்க" என்றார். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை போக மீதி 88 ஆயிரம் அந்த வாரமே வந்தது. அந்த அம்மா மட்டும் இல்லையென்றால் எங்கள் 40 ஆயிரம் போனதுதான்.

எல்லா வீட்டுக்காரர்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். வாடகையை நம்பியே மருந்து வாங்கும் ரிட்டயர் ஆனவர்களும் இருக்கிறார்கள். வாடகை பாக்கி வைத்து ஓடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் இரண்டு பேருக்கும் எழுத்து வேண்டும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அதற்கான அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். இதெல்லாம் எனக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது.

தோழிகளே, அட்வான்ஸை பேங்க் வழியாகவே கொடுங்கள். முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், "நம்பிக்கை இருக்கு சார், ஞாபகத்துக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னேன். நேற்று ரசீது வாங்கிவிட்டாளாம்!

- ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை.